விளக்கப்பட்டது

கோப்பைத் திறந்ததும் என் கையெழுத்துதான் முதலில் கண்ணில் பட்டது. "இதய நோய் அபாயம், 10 ஆண்டுகளில் 18 சதவீதம். விளக்கப்பட்டது." கீழே என் சுருக்கொப்பமும் தேதியும். அந்தத் தேதிக்குப் பிறகு 2 ஆண்டுகள்கூட ஆகவில்லை.

கோப்புக்குரிய நீரிழிவு நோயாளி எதிரே உட்கார்ந்திருந்தார். வயது 63. ஆயுள் முழுவதும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்கு ஈசிஜி எடுத்தார்கள், பிறகு எக்கோ. இதயத்தின் கீழ்ச்சுவரில் ஒரு பகுதி சரியாக அசையவில்லை. "அட்டாக் எப்போது வந்தது?" என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். "அட்டாக்கா? எனக்கு வந்ததே இல்லையே" என்று இவர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற மனைவிதான் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் ஓர் இரவில் சட்டை நனையும் அளவுக்கு இவருக்கு வியர்த்ததையும், வயிற்றைப் புரட்டியதையும், வாயுவாக இருக்கும் என்று இருவரும் படுத்துவிட்டதையும் சொன்னார். காலையில் எழுந்தபோது எல்லாம் சரியாகிவிட்டதாம்.

அவர் கையில் வழக்கம்போல அந்த நீள நோட்டு இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக அவர் எழுதிவரும் சர்க்கரைக் கணக்கு அது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். நான்கு பத்திகள்: தேதி, வெறும் வயிற்றில், சாப்பிட்ட பிறகு, குறிப்பு. வெறும் வயிற்றில் 130-ஐத் தாண்டிய நாளெல்லாம் சிவப்பு மை. சிவப்பு அதிகம் இல்லை. அந்த நோட்டை என் மேசைமேல் வைத்து, "ஒரு நாள்கூட விட்டதில்லை அம்மா. பிறகு இது எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"போன முறை 18 சதவீதம் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா ஐயா?"

"நன்றாக இருக்கிறது. 82 சதவீதம் ஒன்றும் ஆகாது என்றீர்கள்."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படித்தான் கேட்டிருந்தார். ஒரு கணக்கர் 100-இலிருந்து 18-ஐக் கழித்திருக்கிறார், கழித்தலில் பிழையில்லை. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். கொழுப்பு மாத்திரையைத் தொடங்கி, "சர்க்கரைதான் நன்றாக இருக்கிறதே" என்று இரண்டாம் மாதமே நிறுத்தியிருக்கிறார். என் கோப்போ "விளக்கப்பட்டது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீரிழிவு ஆலோசகராக 16 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டேன். அந்தச் செயப்பாட்டு வினையை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ தெரியாது. யார் விளக்கினார், யாருக்கு, அவருக்கு என்ன விளங்கியது என்ற மூன்றையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. தமிழில் "தெரிவி" என்ற நல்ல வினைச்சொல் இருக்கிறது. தெரியச் செய்வது என்று பொருள். கேட்டவருக்குத் தெரியாவிட்டால் நான் தெரிவிக்கவே இல்லை, வெறுமனே சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து இந்த வேறுபாட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தடை நோயின் பெயரிலேயே இருக்கிறது. "சர்க்கரை நோய்" என்றால் மனதுக்குள் இனிப்பு வருகிறது. "நீரிழிவு" என்றால் சிறுநீர் வருகிறது. இரண்டிலும் இரத்தக் குழாய் இல்லை. ஆனால் இந்த நோய் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் இடம் இரத்தக் குழாயின் உள்சுவர்தான். மிகுந்த சர்க்கரையும், இன்சுலினுக்கு உடல் பணியாத நிலையும் அந்த மெல்லிய உறையை உரசி உரசிக் கெடுக்கின்றன. கெட்ட கொழுப்பு அதற்குள் எளிதாக நுழைகிறது, படிகிறது, புண்ணாகிறது. இரத்தத் தட்டணுக்கள் வழக்கத்தைவிட எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. கூடவே இரத்த அழுத்தமும் சேர்ந்தால், பலவீனமான சுவரில் இரவும் பகலும் அடி விழுகிறது. இதில் எதுவும் வலிக்காது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திலும் தெரியாது.

வலிக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நீண்ட காலம் நீரிழிவு இருந்தவர்களில் சிலர், காலிலிருந்து செருப்பு கழன்றுவிட்டது தெரியாமல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். பாதத்தின் நரம்பு மரத்துப்போவதால் அப்படி நேர்கிறது. இதயத்திலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளும் அதேபோல் பழுதுபடலாம் என்று சொன்னால் பலரும் திடுக்கிடுகிறார்கள். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்ற படம்தான் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு அது திடீர் வியர்வையாகவோ, குமட்டலாகவோ, காரணமில்லாத அசதியாகவோ, மூச்சு இரைப்பாகவோ, தாடையில் ஒரு கனமாகவோ மட்டும் வரலாம். செருப்பு உவமையை இப்போது யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. அதைக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

இரண்டாவது தடை "ரிஸ்க்" என்பதற்கு நாம் சொல்லும் சொற்கள். "இதய நோய் வரும் வாய்ப்பு இருக்கிறது" என்கிறோம். வாய்ப்பு என்பது நமக்கு நல்ல சொல். வேலை வாய்ப்பு, படிக்கும் வாய்ப்பு என்று ஆசையோடு சொல்லிப் பழகியது. அதை நோயோடு சேர்க்கும்போது சொல்லின் முனை மழுங்கிவிடுகிறது. "அபாயம்" என்றாலோ கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடச் சொல்வதுபோல் இருக்கிறது. கேட்டவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. "இடர்" என்பது ஏட்டில் நிற்கிறது. "ரிஸ்க்" என்பதை எல்லோரும் அறிவார்கள், ஆனால் "ரிஸ்க் எடுத்தான், ஜெயித்தான்" என்ற வாக்கியத்தில்தான் அறிவார்கள். இந்த நான்கில் எதுவும் தனியாக நின்று வேலை செய்வதில்லை. அதனால் சொல்லை விட்டுவிட்டு ஆட்களை எண்ணத் தொடங்கினேன்.

என் மேசையில் இப்போது ஒரு தாள் கட்டு இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் வரிசைக்கு 10 வீதம் 100 வட்டங்கள். "உங்கள் வயது, உங்கள் பிரஷர், உங்கள் கொழுப்பு, உங்கள் சிறுநீரக நிலை உள்ள 100 பேர் இங்கே நிற்கிறார்கள். அடுத்த 10 ஆண்டுகளில் இவர்களில் 18 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும்." பேனாவை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். 18 வட்டங்களை அவர்களே நிரப்ப வேண்டும். நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் நான் பேசுவதில்லை. பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது வட்டத்துக்கு வரும்போது கை மெதுவாகிறது. சிலர் தலை நிமிர்த்தி என்னைப் பார்க்கிறார்கள். 18 சதவீதம் என்று நான் பல நூறு முறை வாயால் சொன்னபோது ஒருவர்கூட அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு அதே தாளில் அடுத்த கணக்கு. கெட்ட கொழுப்பு ஏறக்குறைய 39 மில்லிகிராம் இறங்கினால், நீரிழிவு உள்ளவர்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. 2008-ல் 14 ஆய்வுகளைச் சேர்த்து, நீரிழிவு உள்ள 18,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. 18-ல் ஐந்தில் ஒன்று என்றால் ஏறக்குறைய 4. நான்கு வட்டங்களைச் சுற்றி வேறு நிறத்தில் வளையம் போடச் சொல்கிறேன். "மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தால் இந்த 4 பேர் தப்பிக்கிறார்கள்."

இந்த இடத்தில் கூர்மையானவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்த நாலு பேரில் நான் இருப்பேனா?"

தெரியாது என்பதுதான் உண்மையான பதில். முன்பெல்லாம் அதைச் சொல்லப் பயந்தேன். சொன்னால் மாத்திரையை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். மாத்திரை எடுக்காமலே தப்பித்திருக்கக்கூடிய 82 பேரில் ஒருவராகவும் நீங்கள் இருக்கலாம், எடுத்தும் தப்பிக்காத 14 பேரில் ஒருவராகவும் இருக்கலாம். உங்கள் பெயர் எந்த வட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும் கருவி யாரிடமும் இல்லை. இப்படிப் பேசிய பிறகு மாத்திரையைத் தொடர்கிறவர்கள் என் அனுபவத்தில் குறையவில்லை. மறைக்காமல் பேசியவரை மனிதர்கள் நம்புகிறார்கள்.

எண்ணைச் சொல்லும் விதத்தில் மருந்துச் செய்திகளும் நம்மை ஏமாற்றுகின்றன. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்தின் ஆய்வு 2015-ல் வெளியானது. ஏற்கெனவே இதய, இரத்தக் குழாய் நோய் இருந்த நீரிழிவு நோயாளிகளில், அந்த நோயால் நேரும் மரணம் 38 சதவீதம் குறைந்தது என்று எங்கும் எழுதினார்கள். உண்மைதான். அதே ஆய்வை வேறு விதமாகவும் சொல்லலாம்: சுமார் 3 ஆண்டுகளில், மருந்து எடுக்காத 1,000 பேரில் 59 பேர் அப்படி இறந்தார்கள், எடுத்த 1,000 பேரில் 37 பேர் இறந்தார்கள். 22 உயிர்கள். அது பெரிய நன்மை, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 38 சதவீதம் என்று கேட்டவர் 100 பேரில் 38 பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிக்கொள்கிறார். அவருக்கு உரிமையான எண் 22-தான், கீழே 1,000 என்ற அடித்தளத்தோடு.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். 1998-ல் பின்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. மாரடைப்பே வராத நீரிழிவு நோயாளிக்கும், நீரிழிவு இல்லாமல் ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கும், அடுத்து மாரடைப்பு வரும் விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்று அது சொன்னது: 7 ஆண்டுகளில் 20.2 சதவீதம், 18.8 சதவீதம். அதிலிருந்து பிறந்த வாக்கியத்தை நானும் பல ஆண்டுகள் சொன்னேன்: "சர்க்கரை இருக்கிறது என்றாலே உங்களுக்கு ஒரு அட்டாக் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்." அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் புரிதல் என்று எடுத்துக்கொண்டேன். 2009-ல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மாரடைப்பு வராத நீரிழிவு நோயாளிகளின் அபாயம், நீரிழிவு இல்லாமல் மாரடைப்பு வந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. எல்லா நீரிழிவும் ஒன்றல்ல. நோய் வந்து 2 ஆண்டான 38 வயதுக்காரரையும், 20 ஆண்டுகளாக அதோடு வாழ்ந்து சிறுநீரில் புரதம் போகும் 65 வயதுக்காரரையும் ஒரே வாக்கியத்தால் மிரட்டியிருக்கிறேன். 38 வயதுக்காரர் பயந்துபோய் அடுத்த முறை வரவே இல்லை.

பயத்தைப் பற்றிப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1965-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் சகாக்களும் மாணவர்களுக்கு டெட்டனஸ் நோயைப் பற்றிய சிறு ஏடுகள் கொடுத்தார்கள். சிலவற்றில் கோரமான படங்கள், சிலவற்றில் மென்மையான விவரம். கோரமானதைப் படித்தவர்கள் அதிகம் பயந்தார்கள், தடுப்பூசி போடுவதாகவும் சொன்னார்கள். போட்டவர்கள் சுமார் 3 சதவீதம். ஆனால் ஏட்டோடு, சுகாதார நிலையம் குறிக்கப்பட்ட வரைபடமும், எப்போது போவது என்று திட்டமிடச் சொல்லும் குறிப்பும் பெற்றவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போய்ப் போட்டுக்கொண்டார்கள். சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். இருந்தும் வரைபடம் வேலை செய்தது.

அந்தக் கணக்கருக்கு நான் 18 சதவீதத்தைக் கொடுத்தேன், வரைபடத்தைக் கொடுக்கவில்லை. அதனால்தான் அவர் தனக்குத் தெரிந்த பாதையிலேயே, நான்கு பத்தி நோட்டிலேயே, இன்னும் வேகமாக நடந்தார்.

சர்க்கரையைக் குறைகூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காப்பது சர்க்கரைக் கட்டுப்பாடுதான். ஆனால் இதயத்தைக் காக்க அது மட்டும் போதாது. 2008-ல் அக்கார்ட் என்ற ஆய்வில் 10,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (எச்பிஏ1சி) 6 சதவீதத்துக்குக் கீழே இறக்கப் பார்த்தார்கள்; அந்தப் பாதியில் மரணங்கள் கூடியதால் அந்தச் சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மறுபுறம், பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு 1998-லேயே, மேல் அழுத்தம் சராசரியாக 154-இலிருந்து 144-க்கு வந்தாலே பக்கவாதம் 44 சதவீதம் குறைவதைக் காட்டியது. எனக்குப் பிடித்த ஆய்வு டென்மார்க்கின் ஸ்டெனோ-2. வெறும் 160 பேர்தான். பாதிப் பேருக்குச் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, நடை, புகையை விடுவது என்று எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்தார்கள். ஏறக்குறைய 8 ஆண்டுகளில் இதய, இரத்தக் குழாய்ச் சிக்கல்கள் பாதியாயின. 21 ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, அந்தப் பாதியினர் மற்றவர்களைவிட 7.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். சதவீதம் புரியாதவருக்கும் 8 ஆண்டுகள் என்றால் புரிகிறது. பேத்தியின் வயதோடு அதைக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

"எதற்கு இத்தனை பேச்சு, எல்லா ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிகுறி இல்லாத நீரிழிவு நோயாளிகளில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டயாட் (DIAD) என்ற ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு மேல் இதய இரத்த ஓட்டக் குறை தெரிந்தது. ஆனாலும் ஸ்கேன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும், 5 ஆண்டுகளுக்குள் வந்த மாரடைப்புகளிலும் இதய மரணங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அறிகுறி இருந்தால் உடனே பார்க்க வேண்டும். இல்லாதவருக்குத் தினசரி வேலைதான் முக்கியம்.

இந்த 18 போன்ற அபாய எண்களைத் தரும் கணிப்பான்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. 2023-ல் ஐரோப்பாவில் நீரிழிவு உள்ளவர்களுக்கென்றே ஒன்று வந்தது. எந்த வயதில் நோய் கண்டறியப்பட்டது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறது. நல்லது. ஆனால் ஒரு மக்கள்தொகையை வைத்துக் கட்டியது வேறொன்றுக்கு அப்படியே பொருந்தாது. 40 வயதுக்காரருக்கு 10 ஆண்டுக் கணக்கு எப்போதும் சிறியதாகவே வரும். அவர் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரிடம் 10 ஆண்டைப் பேசாமல், 65 வயது வரையிலான பயணத்தைப் பேசுவது நேர்மை.

பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே ஒன்றே ஒன்று. கணவன், மனைவி இருவருக்கும் நீரிழிவு. கணவருக்காக வந்திருந்தார்கள். அவர் தாளில் வட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றிருந்த மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எனக்கு எத்தனை?" என்று மெல்லக் கேட்டார். அவருடைய கொழுப்பு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்களுக்கு இயற்கையாக உள்ள பாதுகாப்பை நீரிழிவு பெருமளவு பறித்துவிடுகிறது. நீரிழிவால் கூடும் இதய நோய் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 சதவீதம் அதிகம் என்று 2014-ல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. அவருக்கு நாற்காலி போட்டு, இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தேன். கணவர் எழுந்து அவருக்கு வெளிச்சம் விழும்படி நகர்ந்து நின்றார்.

கணக்கர் மூன்று மாதம் கழித்து வந்தார். ஸ்டென்ட் வைத்திருந்தார்கள், முகம் தெளிந்திருந்தது. புது நோட்டு. அதே ஸ்கேல் கோடுகள். ஏழு பத்திகள். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு, இரவு மாத்திரைக்கு ஒன்று. மாத்திரைப் பத்தியில் ஒவ்வொரு நாளும் ஒரு சிறு "ச" எழுதியிருந்தார். சரி என்பதற்கு. கொழுப்புக்குத் தனிப் பத்தி போடாமல், நோட்டின் உள்ளட்டையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதக் கட்டம் போட்டிருந்தார். "தினமும் மாறாததற்குத் தினசரிப் பத்தி எதற்கு அம்மா?" என்றார். எனக்குத் தோன்றாத திருத்தம் அது.

இப்போதெல்லாம் கோப்பில் "விளக்கப்பட்டது" என்று எழுதுவதில்லை. பேசி முடித்ததும், "வீட்டில் கேட்பார்கள் இல்லையா, என்ன சொன்னார்கள் என்று? நீங்கள் என்ன சொல்வீர்கள், எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்கிறேன். அவர்கள் சொல்வதை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுகிறேன். கூடுதலாக மூன்று நிமிடம் ஆகிறது. வெளியே வரிசை நீள்கிறது. எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் கேட்கும்போதுதான் நான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று தெரிகிறது.

நேற்றுக் கடைசியாக வந்த அம்மாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னது: "100 பேரில் 11 பேருக்கு வரும். மாத்திரை போட்டால் எனக்கு வராது."

முதல் பாதியை எழுதிக்கொண்டேன். பிறகு பேனாவை மறுபடி அவர் கையில் கொடுத்து, தாளை அவர் பக்கம் திருப்பினேன்.